மலாவிக்கு ஒரு மறுப்பு

மகளை மலாவிக்கு அனுப்பும் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வைத்தியநாதன் உட்காராமலே நின்றார். செத்தவீடுகளுக்கு மட்டும் போடும் கறுப்புக் கோட்டை அன்று போட்டு வந்திருந்தார்.

“என்ரை மகள் சிவமலர் மலாவிக்கு வரமாட்டா, தம்பி. கலியாணம் கட்டாத பிள்ளை. ரண்டு வருசம் தனிய அனுப்ப எங்கடை குடும்பத்திலை வழக்கமில்லை.”

லண்டன் விக்டோரியாவில் இருந்த அந்த அலுவலகத்தின் மேலாளர் குருமூர்த்தி, மதுரைக்காரர். ஆபிரிக்க நாடுகளில் பழுதாகிக் கிடக்கும் ரயில் பாதைகளைத் திருத்தி, மறுபடி வண்டி ஓட வைப்பது அவர்களுடைய தொழில். சிவமலர் அங்கே எஞ்சினியர்.

“முதல்ல உட்காருங்க சார். டீ சொல்றேன்.”

“தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் சட்டன் வீட்டிலையிருந்து வந்தனான்.”

“அவங்க வரலேன்னா வேலையே நின்னுடும் சார். அந்த ஜனங்க அஞ்சு வருஷமா ரயில் இல்லாம இருக்காங்க. விளைஞ்ச சோளத்தைச் சந்தைக்குக் கொண்டு போக வழியில்லை.”

“பாவம்தான். அதுக்கு என்ரை பிள்ளைதானோ கிடைச்சது? நாளைக்கு ஊர்ச்சனம் என்ன கதைக்கும்?”

“எந்த ஊர் சார்? இது லண்டன்.”

“சட்டனிலை இருக்கிற ஊர்ச்சனத்தைத்தான் சொல்லுறன்.”

வாசலை நோக்கித் திரும்பியவர், சுவரில் மாட்டியிருந்த மலாவி ரயில் பாதையின் வரைபடத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலை ஓட்டினார்.

“ஒற்றைப் பாதை. நாப்பது மைலுக்கு வண்டியள் விலத்த ஒரு இடமில்லை. எதிர் வண்டி வந்தால் மற்றது எங்கை நிக்கிறது, சோளத்துக்குள்ளையோ?”

குருமூர்த்தி எழுந்து வந்து பார்த்தார்.

“இதைக் கீறினவன் ஒருநாளும் ரயிலைக் கண்டிருக்கமாட்டான்,” என்றார் வைத்தியநாதன். வடக்குப் பாதையில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்ற வருடம் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர் அவர்.

“நான்தான் சார் வரைஞ்சேன்.”

வைத்தியநாதன் மன்னிப்புக் கேட்கவில்லை.

“உங்க பொண்ணும் இதையேதான் சொன்னாங்க,” என்றார் குருமூர்த்தி மெதுவாக.

“சொல்லுவா. ஆரின்ரை பிள்ளை?”

“வேற ஏதாவது தப்பு இருக்கா சார்?”

வைத்தியநாதன் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார்.

“அந்தத் தேத்தண்ணியைக் கொண்டுவரச் சொல்லும்.”

அவர் வீடு திரும்பியபோது பின்னேரமாகிவிட்டது. மனைவி அருமைநாயகி கதவடியில் நின்றாள். சிவமலர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் தகப்பனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

“என்னப்பா, சொல்லிப்போட்டியளோ?” என்றாள் அருமைநாயகி.

“சொன்னன். பொம்பிளைப்பிள்ளை தனியப் போகேலாது எண்டு முகத்துக்கு நேரை சொன்னன்.”

“அதுக்கு அவர்?”

“ஒத்துக்கொண்டார். எழுத்திலையும் தந்திருக்கிறார்.”

சிவமலர் எழுந்தாள். கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போடத் தொடங்கினாள்.

“நினைச்சதைச் சாதிச்சிட்டியள் அப்பா. இப்ப சந்தோஷம்தானே?”

வைத்தியநாதன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

“எடுத்ததைத் திரும்ப உள்ளுக்கை வை, பிள்ளை. மலாவியிலை உனக்கு மேலதிகாரி நான்.”