முதுகின் படம்

சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

பின்னால் நின்றவள் எதுவும் செய்யவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்துவலிக்கு வந்தவர் அவர். கரண்ட் வைப்பார்கள், சூடு வைப்பார்கள், நரம்பைச் சுண்டிவிடுவார்கள் என்று ஆளுக்கொன்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வந்ததிலிருந்து கேள்விகள்தான். எந்தப் பக்கம் படுப்பீர்கள்? காலையில் வலி கூடுதலா, சாயங்காலமா? விரல் மரத்துப்போகிறதா? போனை எந்தக் காதில் வைப்பீர்கள்? தலையணை ஒன்றா, இரண்டா?

தன் தலையணையைப் பற்றி ஒருவர் இவ்வளவு அக்கறையாக விசாரிப்பார் என்று அவர் நினைத்ததே இல்லை.

அப்புறம் நடக்கச் சொன்னாள். குனியச் சொன்னாள். இப்போது நிற்கச் சொல்லியிருந்தாள்.

பானு என்று பெயர். பிசியோதெரபிஸ்ட். அவருடைய மகளைவிடச் சின்னவள்.

"சார், உங்க போனைக் குடுங்க. ஒரு போட்டோ எடுத்துக் காட்டுறேன்."

கொடுத்தார். எடுத்தாள். காட்டினாள்.

திரையில் யாரோ ஒரு கிழவரின் முதுகு. பனியனுக்குள்ளேயே இருந்து வெளுத்துப்போனது. தோளில் நரைத்த மயிர்.

யார் இது என்று கேட்க வாயெடுத்தார்.

இத்தனை வயதுக்கு அவர் தன் முதுகைப் பார்த்ததில்லை. அவர் பேரைச் சொல்லிக்கொண்டு திண்டுக்கல் முழுக்க நடந்து போனது இதுதானா?

போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

இடது தோள் இறங்கியிருந்தது. தலையும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ எதையோ சொல்ல, அவர் காது கொடுத்துக் கேட்பது போல.

பக்கத்தில் வெறும் சுவர்.

"நான் நேராத்தானே நின்னேன்?"

"உங்களுக்கு அதான் சார் நேர்."

கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். தொடலாமா என்று கேட்டாள். தலையாட்டினார். இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்து மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

கண்ணாடியில் நேராக இருந்தது. அவருக்கோ வலது பக்கம் விழப்போவது போலிருந்தது.

கையை எடுத்தாள். தலை தானாகப் பழைய இடத்துக்குப் போனது.

மறுபடி வைத்தாள். மறுபடி போனது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்.

"இடது பக்கம் யார் சார் இருப்பாங்க?"

யாருமில்லை என்று சொல்லத்தான் போனார்.

அமலோற்பவம் இருப்பாள்.

கடையில் ஜெராக்ஸ் மெஷின் அவருக்கு. இடது பக்க நாற்காலியும் கல்லாவும் மனைவிக்கு. தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் அவளுக்குக் குரல் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அவள் பேச ஆரம்பித்தால் அவர் காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைத்துக்கொள்வார். கடையில். பஸ்ஸில். கல்யாண வீட்டுப் பந்தியில்.

அதைச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே புதிதாக இருந்தது.

பானு அவர் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா இந்தச் சாய்வு கொறையணும். இன்னிக்கே சரியாயிடாது. பயிற்சி சொல்லித் தர்றேன், வீட்ல விடாம செய்யுங்க. அந்தப் பக்கம் சாயறத மட்டும் எப்படியாவது நிறுத்தணும்."

அறைக்கும் வெளியே கிடந்த பெஞ்சுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். மேலே திறந்திருந்தது.

பெஞ்சில் அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

படி இறங்கும்போது வழக்கம்போல இடது பக்கம் வந்தாள். உள்ளே என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

கேட்காமல் இருக்கிறவள் இல்லை. தெருவில் போகிற வருகிற எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சொல் உண்டு. பூக்காரி முழம் அளக்கிற லட்சணத்துக்கு. நடுரோட்டில் நிறுத்தியிருக்கிற ஆட்டோவுக்கு. புது ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற பொம்மையின் சேலைக்கு.

எல்லாம் வந்தன. எல்லாம் போயின.

அவர் தலை பழக்கத்தில் அவள் பக்கம் சாய்ந்தது.

அவள் உதட்டை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவருக்குக் கழுத்துவலியே தேவலை என்றிருந்தது.

பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை. அவளை வாசல் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு டீ வாங்கிவந்தார். அவருக்காக வலது பக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் அங்கே உட்காரவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். முழங்காலும் முழங்காலும் இடித்தன.

"ஏதாச்சும் சொல்லு, அமலோ."

அவள் டீயை வாங்கிக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

அவள் பேசும்போது காதைக் கொடுத்துவிட்டு இவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பேசுகிற அவள் முகத்தைப் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது.

பேசுவதற்கு முன்னால் அவளுடைய இடது புருவம் முதலில் தூக்கிக்கொள்கிறது. இது எப்போதிலிருந்து?

மதுரை பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்பியது. அந்த நேரம் பார்த்து அவள் உதடுகள் அசைந்தன.

காதுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. அவர் குனியவும் இல்லை; அவள் உதட்டையே பார்த்தார்.

"சீனி கம்மியாப் போடச் சொல்லித்தான் வாங்கியாந்தேன்," என்றார்.

புருவம் மறுபடி மேலே போனது.