மருமகள் தைத்த பனியன்

பார்க்க அழகாகவும் இருக்கும், நாடித்துடிப்பையும் எண்ணும் என்று மருமகள் ராப்பகலாக உழைத்து ஒரு பனியன் தைத்திருந்தாள். தினமும் நடைப்பயிற்சியில் அதைப் போட்டுச் சோதிக்கும் பொறுப்பு மாமனாருக்கு.

இன்று அவள் அதன் தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்குக் கம்பெனில காட்டணுமே, ஏம்மா பிரிக்கிற?"

"எதைக் காட்டறது மாமா? ஒரே உடம்புல அஞ்சு இதயம் துடிக்குதுங்குது. ஒண்ணு பெருசு, நாலு சின்னது. பாவம், நீங்க ஒழுங்காத்தான் நடந்தீங்க. என் டிசைன்தான் தப்பு."

மாமனார் காப்பியை ஓரமாக வைத்தார்.

"கத்திரியைக் கீழ வைம்மா. பனியன்ல தப்பில்ல."

"பின்ன?"

அவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அந்தப் பனியனை மாட்டிக்கொண்டு தினமும் பூங்காவைச் சுற்றிவந்த நாய், பெருத்த வயிற்றோடு அசந்து தூங்கியது.

"நாலு குட்டிம்மா," என்றார், நிமிராமல்.