குத்துமதிப்பு

கண்ணைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு அவன் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிர் வீட்டுக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் வகுளா. அவன் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. அல்சூரில் தெருவே பிரியாணிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தது. அது அவன் மூக்குக்கு எட்டவில்லை.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கூடவே கொண்டு போய்விட்டது.

"ஒரு வருஷம் பாருங்க. அதுக்குள்ள வரலைன்னா பழகிக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

வருகிற புதன்கிழமையோடு ஒரு வருடம்.

பழகிக்கொள்வதாவது!

சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சுகிற பீராகத் தேடி வாங்கி, முகர்ந்து, சொட்டுச் சொட்டாகக் குடித்து, எட்டு வருடமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தவன். ஒன்றுக்கு 'மாங்கொட்டை சப்பிய கை' என்று எழுதியிருப்பான். இன்னொன்றுக்கு 'மாவு மில் வாசல்'. கறுப்பு பீர் ஒன்றுக்கு 'காப்பிக்கொட்டை கொஞ்சம் தீய்ந்துவிட்டது, ஆனாலும் பாதகமில்லை'.

இந்த ஒரு வருடப் பக்கங்களில் மூன்றே சொற்கள். கசப்பு, புளிப்பு, குளிர்ச்சி.

விடுகிற ஜாதியில்லை அவன். பிடித்தால் உடும்புப் பிடி. ஞாயிறு தவறாமல் ஐந்து கோப்பை. விதியும் அவன் போட்டதுதான். கண்ணைக் கட்ட வேண்டும். குடிக்கும் முன்பே, மூக்கால் மட்டும் சொல்ல வேண்டும். பாட்டிலின் பின்பக்கம் போட்டிருக்கும் வாசனைகளில் ஒன்றாவது பொருந்தினால் சரி. இல்லாவிட்டால் தப்பு.

சரியா தப்பா என்று சொல்கிற வேலை வகுளாவுடையது. ஏனென்றால் அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மற்றபடி பீருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். சனிக்கிழமை விரதம், வெங்காயம்கூட ஆகாது. கோயிலிலிருந்து பெருமாள் தீர்த்தம் வாங்கி வந்து அவன் உள்ளங்கையிலும் ஊற்றுவாள். முன்பெல்லாம் "இன்னிக்குப் பச்சைக் கற்பூரம் தூக்கல்" என்பான். நேற்று வெறும் தண்ணீராக இறங்கியது. ஈரக் கையை வழக்கம்போலத் தலையில் தடவிக்கொண்டான். மிச்சத் தீர்த்தம் பூஜை அறைக்குப் போனது.

பீர் பால்கனியைத் தாண்டி வீட்டுக்குள் வரக் கூடாது. கையுறை போட்டுத்தான் பாட்டிலைத் தொடுவாள். முடிந்ததும் தலைக்குக் குளிப்பாள்.

ஒருமுறை அவன் "ஆரஞ்சுத் தோல்" என்றான். பாட்டிலிலும் ஆரஞ்சுத் தோல்.

"வாசனை வந்துச்சா, குத்துமதிப்பா?"

தலையைக் குனிந்துகொண்டான். "குத்துமதிப்புதான்."

"அப்ப தப்பு."

அப்பேர்ப்பட்டவள்.

முதல் கோப்பை கைக்கு வந்தது. முகர்ந்தான். ஒன்றுமில்லை. குடித்தான். நுரை மீசையில் ஒட்டியது.

இரண்டாவது. "எலுமிச்சை இலை?"

"தப்பு."

மூன்றாவது. "வெல்லப் பாகு?"

"தப்பு."

நான்காவதை வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தான். பிரியாணிக்காரர்கள் சிரிப்பது கேட்டது. எங்கோ குக்கர் கத்தியது. காது நன்றாகத்தான் இருந்தது.

"தெரியலை" என்றான். குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "அஞ்சாவதைக் குடு."

அவள் உடனே கொடுக்கவில்லை.

காலடி உள்ளே போனது. பூஜை அறைக் கதவின் மணிகள் கலகலத்தன.

குளிக்காமல் அவள் அந்தக் கதவைத் தொட்டதே கிடையாது.

பாவம், வேண்டிக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று நினைத்தான்.

திரும்பி வந்தாள். ஐந்தாவது கோப்பை கையில் சில்லென்று உட்கார்ந்தது.

முகர்ந்தான். ஒன்றுமில்லை.

மறுபடி முகர்ந்தான். ஒன்றுமில்லை.

விடுவேனா என்று மறுபடி.

நூலிழை அளவு ஏதோ ஒன்று வந்தது. போய்விட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தான். மெல்ல இழுத்தான். திரும்பவும் வந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இது எப்படி இதில் இருக்கும்? திரும்பி வந்த மூக்கு கோளாறாக வந்திருக்கிறதோ? இருந்தாலும் விதி விதிதான். வந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"பச்சைக் கற்பூரம்."

அவளுடைய வளையல் சத்தம் கேட்டது.

"வகுளா. பாட்டில்ல என்ன போட்டிருக்கு?"

"வாசனை வந்துச்சா..." என்றாள். குரல் சரியாக எழும்பவில்லை. "குத்துமதிப்பா?"

"பீர்ல பச்சைக் கற்பூரம்னு எவனாவது குத்துமதிப்பாச் சொல்லுவானா?"

கீழே ஒரு ஆட்டோ நின்றது. யாரோ இறங்கினார்கள். ஆட்டோ போனது.

தப்பு என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி ஆகாது. வருடம் முழுக்கச் சொல்லிப் பழகிய சொல்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். காலடி அவசரமாக உள்ளே ஓடியது. குளியலறைக் குழாய் திறந்தது. மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம். நிற்கவே இல்லை.

அவன் துண்டை அவிழ்த்தான். வெயிலில் கண் கூசியது. ஐந்தாவது பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் படித்தான். கோதுமை, வாழைப்பழம், கிராம்பு. இன்னொரு முறை படித்தான்.

திரும்பிப் பார்த்தான். பூஜை அறைக் கதவு திறந்தே கிடந்தது.

எழுந்து நின்றான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். கோப்பையைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தான்.

பிறகு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டான்.