உள்ளங்கையில் எட்டு இலக்கங்கள்

கை கழுவக் குழாயைத் திறந்தபோது என் இடது உள்ளங்கையில் 7 என்ற ஒரே இலக்கம்தான் மிச்சமிருந்தது.

காலையில் எட்டு இலக்கங்கள் இருந்தன. 73939133.

எங்கள் ஆய்வகத்துத் தராசைச் சரிபார்க்க வருடத்துக்கு ஒருமுறை வருபவரின் வீட்டு லேண்ட்லைன் எண். வேலை முடிந்து பெட்டியை மூடும்போது சொன்னார்: "தராசு தகராறு பண்ணா கூப்பிடுங்க. பண்ணலைன்னாலும் கூப்பிடுங்க."

தராசு அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. பேனாவால் மணிக்கட்டில் தொடங்கி விரல்நுனி வரை எழுதிக்கொண்டேன். நிமிர்ந்திருந்தால் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்கும். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகா எண் போல இருந்தது.

ஃபோன் இருந்த அலமாரிக்கு ஓடினேன். எண்ணைப் போட்டேன். அழைப்பதற்கு அல்ல. ஓர் எண் பகா எண்தானா என்று சொல்லும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். எல்லோரும் வைத்திருப்பார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பகா எண்தான். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாது.

ஒவ்வொரு தண்ணீர் மாதிரிக்குப் பிறகும் நாங்கள் கை கழுவ வேண்டும். முதல் தடவையே விரல்நுனியிலிருந்த கடைசி 3 போய்விட்டது. பதறவில்லை. மிச்சமிருந்த 7393913-ஐப் போட்டுப் பார்த்தேன்.

அதுவும் பகா எண்.

அதற்கு முந்தைய 3-உம் போயிற்று. 739391. பகா எண்.

அதற்குப் பிறகு நான் கழுவியதெல்லாம் சுத்தத்துக்காக என்று சொல்ல முடியாது. 73939. 7393. 739. சாப்பாட்டுக்கு முன் மட்டும் இரண்டு முறை கழுவினேன். கடைசியாக 73.

"அடிப்பாவி, ஏழுதான்டி மிச்சம்! அப்பவே ஃபோன்ல போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?" பக்கத்து மேசை அக்கா காலையிலிருந்தே என் கையைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போட்டேன். நாள் முழுக்க அதைத்தான் போட்டேன்.

"போச்சுக்கா," என்றேன், முகத்தைத் தொங்கப்போட்டு.

"அடுத்த வருஷம் வர்றதுக்குள்ள அவருக்குக் கல்யாணமே ஆயிரும், போ." அக்கா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த 7-ஐயும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அக்காவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. மத்தியானமே தேடிப் படித்துவிட்டேன். வலது கோடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, மிஞ்சுவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும் எட்டு இலக்க எண்கள் மொத்தமே ஐந்து. ஏழில் தொடங்குவது ஒன்றே ஒன்று.

அழிந்துபோச்சு என்று சொல்லித் தப்பிக்க முடியாத எண்ணாகப் பார்த்து வைத்திருக்கிறார் அந்த மனிதர்.

ஈரக் கையோடு அழைத்தேன். என்ன பேசுவது என்று யோசிக்க ஒரு முழு நாள் இருந்தது. யோசிக்கவில்லை.

"ஹலோ, யாருங்க?"

"தராசு நல்லா இருக்குங்க," என்றேன்.