கசியும் தோல்

"உன் அரிப்பாலதான் ரெண்டு குடம் தண்ணி கூட வருது. கொஞ்சம் பொறுத்துக்கிட்டா என்ன மாரிக்கனி?" என்று மதினி ஒருமுறை கேட்டாள்.

சாத்தூரில் அப்போது, ஒருவர் தோல் எவ்வளவு நீரைக் கசியவிடுகிறது என்று அளந்துதான் தண்ணீர் கொடுத்தார்கள். மாரிக்கனியின் தோலில் செராமைடு என்ற கொழுப்பு குறைவு. சாந்து உதிர்ந்த சுவர்போல அது ஓயாமல் கசிந்தது. எல்லோருக்கும் ஒரு குடம் என்றால் அவளுக்கு மூன்று. அளவெடுக்கும் நாளன்று, இருக்கும் கொழுப்பும் போகட்டும் என்று மதினியே அவள் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள்.

"ஓம் புண்ணியத்துல எம்புள்ளைக குளிக்குதுக, தாயி" என்று சிரிப்பாள்.

நர்ஸ் கொடுத்த செராமைடு களிம்பை மாரிக்கனி ஒரு மாதம் ஒளித்துவைத்துப் பூசினாள். நகங்களில் சொறிந்த ரத்தம் இல்லாமல் விடியத் தொடங்கியது.

அடுத்த அளவு நாளன்று மதினி சோப்போடு வந்தபோது மாரிக்கனி தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் மதினி."

அளவெடுப்பவர் கருவியை அவள் முழங்கையில் வைத்துப் பார்த்தார். "தோலு நல்லாயிருச்சும்மா. இனி ஒரு குடந்தான்."

"இனியும் அரிப்பைப் பொறுக்க என்னால முடியல மதினி" என்றாள் மாரிக்கனி.

மதினி அந்தக் கையை வாங்கி, வழவழப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு இளையவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.