கரண்ட் பில்

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று திரை சிவந்து அலறியதும், அதிலிருந்த எண்ணுக்குச் சொர்ணம் போன் செய்தாள். எடுத்தவன் சொன்னதையெல்லாம் அழுத்தினாள். அம்புக்குறி தானாக நகர்ந்து பேங்க் கணக்கைத் தேடித் துழாவியது. திருட்டுப்பயல் என்று புரிந்துவிட்டது. ஒயரைப் பிடுங்கப் போனாள். அதற்குள், கணவர் கண்ணில் படாதிருக்க 'கரண்ட் பில்' என்று பெயரிட்டு அவள் ஒளித்திருந்த படம் திறந்துகொண்டது. அம்புக்குறி அதன்மேல் நின்றது.

"இது யாரும்மா?"

சாதிவிட்டுக் கட்டிக்கொண்டதற்காக அவர் தலைமுழுகிய மகள். அந்த வீட்டில் அவள் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

"என் பொண்ணு. பேரு அகல்யா."

"மூக்கும் முழியுமா இருக்காங்கம்மா."

சொர்ணத்தின் கை ஒயரை விட்டது.

"சரிம்மா, போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்க."

ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகச் சொன்னாள்.