காணாமல் போன அம்புக்குறி

“இதுக்குப் பேரு கம்ப்யூட்டரா? கொண்டுபோய்க் குப்பையில போடு!”

அப்பா லேப்டாப்பை மகள் பக்கம் தள்ளிவிட்டார். பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆமையாக ஊர்கிறதே என்று போன மாதம் அதை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றை ஏற்றிக் கொடுத்தது அவள்தான். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதும் அவள்தானே.

அப்பா பதிப்பகங்களுக்குப் பிழை திருத்துபவர். ஒரு கமா இடம் மாறினாலும் சண்டைக்கு நிற்பார். ‘கமா சார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்பேர்ப்பட்டவர் லேப்டாப்பில் திருத்தி அனுப்பிய புத்தகத்தில் இந்த மாதம் பக்கத்துக்குப் பக்கம் பிழை. இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பதிப்பாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முப்பது வருஷ மானம் விரலால் தேய்க்கும் ஒரு டச்பேடால் கப்பலேறிக்கொண்டிருந்தது.

“என்னப்பா பண்ணுது? நிதானமா சொல்லுங்க.”

“விரல இடது பக்கம் தேய்ச்சா அம்பு காணாமப் போயிடுது. அம்பு இல்லாம நான் எதக் காட்டித் திருத்துறது? பழைய சிஸ்டத்துல ஒழுங்காத்தான் இருந்துச்சு. நீ கை வச்ச, கெட்டுது.”

மகள் நாற்காலியை அவருக்கு வலப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்பின் வேகத்தைக் குறைத்தாள். இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் தலைகீழாக ஓடியது. அதையும் பழையபடி மாற்றினாள். அம்மா ஓசைப்படாமல் வந்து அப்பாவின் மறுபக்கத்தில் டீயை வைத்துவிட்டு நழுவினாள். கோபத்தில் இருப்பவரிடம் வாய் கொடுக்க அவளுக்கென்ன தலையெழுத்தா?

“இப்ப பாருங்க.”

தேய்த்தார். “போச்சு!”

“பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுத் தரட்டுமாப்பா?”

“எதையாவது போடு. நாளைக்குள்ள நாப்பது பக்கம் குடுக்கணும். காலையிலேருந்து தொண்ட தண்ணி வத்திக் கெடக்கேன், ஒரு வாய் டீ குடுக்க இந்த வீட்டுல நாதியில்ல.”

“வச்ச டீ ஆறிப்போச்சாம், அத இப்படிச் சொல்றாரு” என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

மகளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அடுத்த நிமிடமே அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் அவசரத்தால் அவர் பிழைப்பில் மண் விழுந்துவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசி முயற்சியாக அம்பைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கினாள். “மெதுவா இடது பக்கம் கொண்டுபோங்கப்பா.”

அம்பு நகர்ந்தது.

“பாத்தியா! முழுங்கிடுச்சு!” அப்பா மேசையில் ஓங்கி அறைந்தார்.

அம்பு எங்கேயும் போகவில்லை. திரையின் இடது ஓரத்தில் கன்னங்கரேலென்று நின்றுகொண்டிருந்தது.

மகள் சத்தமில்லாமல் எழுந்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் சுற்றிப் போய், அவருடைய இடது தோளருகே, தொடாமலே ஆறிக் கிடந்த டீக்குப் பக்கத்தில் நின்றாள். கையை உயர்த்தி அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் மெல்ல அசைத்தாள். இன்னும் கிட்டே கொண்டுபோய் அசைத்தாள்; அவர் கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா வலப்பக்கம் திரும்பி, காலி நாற்காலியைப் பார்த்தார்.

“பதில் சொல்லாம எங்க எழுந்து போயிட்ட?”